டே-எண்டும் ஒரு குவார்ட்டரும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி ஜாஸ்தி என்று வழக்கம்போலச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இந்தத் தடவை காரணம் அது இல்லை. போன மாதம் எங்கள் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாக வீடியோ கான்ஃபரன்ஸ் இல்லை. தங்கமணியும் குழந்தைகளும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், கொஞ்சம் சூடாகவும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வங்கியில் 1990களின் தொடக்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர். நான் பி.காம் முடித்து, நாலு வருஷம் பரீட்சை பரீட்சையாக எழுதி, 2005இல் ஆபீசராக உள்ளே வந்தபோது கும்பகோணம் பக்கத்துக் கிராமக் கிளையில் அவர்தான் எனக்கு வாத்தியார். அப்புறம் அவரும் பிரமோஷன் வாங்கி, ஆளுக்கொரு திசையில் அலைந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நாக்பூரில் வந்து விழுந்தோம். எனக்குக் குடும்பம் கூடவே இருக்கிறது. அவருக்கு மகள் பிளஸ் டூ, அப்புறம் நீட், அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று குடும்பம் ஊரிலேயே நின்றுவிட்டது. ஒற்றை பெட்ரூம் வீடு, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு நாற்காலி. தீபாவளி பொங்கலுக்கு எங்கள் வீடு. தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைக்க ஆரம்பித்தாரென்றால் தங்கமணி கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி ரத்த வாந்தி. பக்கத்து வீட்டு மராத்திக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். ஈரல் சுருங்கிப்போய், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து, அதில் ஒன்று வெடித்துவிட்டது என்றார் டாக்டர். சனிக்கிழமை காலை முடிந்துவிட்டது. வயது 55.

வட்டார அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். இரண்டு நிமிஷம் மௌனம். பிறகு பெரியவர் பேசினார். "நல்ல உழைப்பாளி. ஆனால் என்ன செய்வது, பெர்சனல் ஹேபிட்ஸ்..." என்று கையை விரித்தார். தலைகள் ஆடின. அடுத்த ஐந்தாவது நிமிஷம் காலாண்டு இன்ஷூரன்ஸ் டார்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் பதிவு அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில். அங்கேயே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபர் பயம்தான், வேறென்ன.

அண்ணாச்சி குடித்தது அவர் கை, அவர் வாய். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடி எங்கள் வேலைக்குள்ளிருந்து வந்தது. இயந்திரம் வந்தால் சுமை இறங்கும் என்றார்கள். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு நிமிஷம்கூட எங்கள் கைக்கு வரவில்லை. போதாததற்கு, "இன்றைக்கு வேலை முடிந்தது" என்று ஒரு மனுஷன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையையும் அது கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில்தான் பாட்டில் வந்து உட்கார்ந்தது.

லெட்ஜர் காலத்தின் வாலை மட்டும்தான் நான் பார்த்தேன். 2005இல் அந்தக் கிராமக் கிளையில் சேமிப்புக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. நகைக்கடனும் பயிர்க்கடனும் இன்னும் தலையணை சைஸ் லெட்ஜரில்தான். ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது எண் இருக்கும். அண்ணாச்சி மேலிருந்து கீழே விரலை ஓட்டுவார், அடியில் கூட்டுத்தொகையை எழுதுவார். கால்குலேட்டரைத் தொட மாட்டார். சாயங்காலம் டாலி ஆகவில்லை என்றால், "தம்பி, வித்தியாசத்த மொதல்ல ஒம்பதால வகுத்துப் பாரும்" என்பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது, 54க்குப் பதில் 45 என்று. இல்லையா, வித்தியாசத்தைப் பாதியாக்கு. அந்தப் பாதித் தொகைக்கு அன்றைக்கு ஒரு வவுச்சர் இருந்தால் பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கிறாய். பி.காமில் மூன்று வருஷம் படித்து ஏறாததை அவர் மூன்று சாயங்காலத்தில் ஏற்றினார்.

டாலி ஆனதும் லெட்ஜரை டப்பென்று மூடுவார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கேஷை உள்ளே வைத்து, இரண்டு பேர் இரண்டு சாவி போட்டு ஸ்ட்ராங் ரூமைப் பூட்டி, வெளியே வந்து ஒரு டீ. முடிந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வங்கி கூட ஏறி வராது.

பொற்காலம் என்று கதை விட வரவில்லை. லெட்ஜர் தூசியில் இழுப்பு வந்தவர்களை எனக்குத் தெரியும். பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி பதினொரு மணி வரை பக்கம் பக்கமாகத் தேடியவர்கள் உண்டு. சொந்தப் பணத்தை எடுக்க வந்த கிழவி பித்தளை டோக்கனைக் கையில் இறுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தாள். கவுன்டருக்குப் பின்னால் இருந்த நாங்கள் அவளிடம் எப்படிப் பேசினோம் என்பது எங்களுக்கே வெளிச்சம். கம்ப்யூட்டர் வந்தது வாடிக்கையாளருக்கு நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குடியும் அப்போது இருந்தது. செப்டம்பர் 30, மார்ச் 31 கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் பிரியாணியோடு பாட்டிலும் வரும். வருஷத்துக்கு இரண்டு ராத்திரி, பத்துப் பேர் கூடி, கணக்கு முடிந்த பிறகு. இது சரி என்று சொல்லவில்லை. வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அண்ணாச்சி அந்த ராத்திரிகளில் பிரியாணியோடு நிறுத்திக்கொள்வார்.

கம்ப்யூட்டர் வங்கிக்குள் திருட்டுத்தனமாக வரவில்லை. பேசி, கையெழுத்துப் போட்டுத்தான் வந்தது. 1983இல் ஊழியர் சங்கங்களுக்கும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் முதல் ஒப்பந்தம். 1984இல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை. 1989இல் அவர் தலைமையிலேயே இரண்டாவது அறிக்கை. 1993இல் மறுபடி ஒப்பந்தம். கம்ப்யூட்டர் வேலையைத் தின்னும் என்பதுதான் சங்கத்தின் பயம். அந்தப் பயம் பாதி பலித்தது. 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் வேலை போகாமல் உள்ளே இருக்கப்போகிறவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மெஷின், எந்தக் கிளையில் என்று பேரம் பேசியவர்கள், அந்த மெஷின் மிச்சப்படுத்தும் மணி நேரம் யாருக்குச் சேரும் என்று பேசவில்லை. மெஷினில் உட்காருபவருக்கு ஸ்பெஷல் அலவன்ஸ் கேட்டு வாங்கினார்கள். இதைத்தான் சொ.செ.சூ. என்பது.

எங்கள் கிளைக்குக் கோர் பேங்கிங் 2007இல் வந்தது. அதற்கு முன்னால் முழுக்கக் கம்ப்யூட்டர் போட்ட கிளைகளில்கூட, சாயங்காலம் ஓர் ஆபீசர் உட்கார்ந்து 'டே-எண்ட்' ஓட்டுவார். ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்து, பேக்கப் எடுத்து, மெஷினை அணைத்துவிட்டுக் கிளம்புவார். லெட்ஜரை டப்பென்று மூடுவதற்கு அது தம்பி மாதிரி. கோர் பேங்கிங் வந்ததும் அந்த டே-எண்டும் கிளையை விட்டுப் போனது. இப்போது எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ராத்திரி தானாக ஓடுகிறது. கிளையில் இருப்பவர்களில் அன்றைய நாளை முடித்துவைக்கிற ஆள் என்று ஒருவரும் இல்லை. டெக்னிக்கலாகவே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஜோர். நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல். 2016இல் வந்த யூபிஐயில் 2023 ஆகஸ்ட் ஒரு மாதத்தில் மட்டும் 1000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. இரண்டே வருஷத்தில், 2025 ஆகஸ்டில், அது 2000 கோடி. பணம் தூங்குவதில்லை. ரொம்ப சந்தோஷம். பணம் தூங்காததற்கு மேனேஜர் ஏன் முழித்திருக்க வேண்டும்?

எங்கள் காலை எப்படி விடிகிறது என்று வெளியாட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் கடன் தவணை கட்டத் தவறினால் முதல் 30 நாள் அந்தக் கணக்குக்கு ஒரு பெயர், 60 வரை ஒரு பெயர், 90 வரை ஒரு பெயர். 90 தாண்டினால் வாராக்கடன். முன்பெல்லாம் இந்த முத்திரை குத்துவதில் மேனேஜரின் கை இருந்தது. இந்த விதர்பாப் பக்கம் பருத்தியும் சோயாவும்தான். மண்டியில் சோயா விற்றுப் பணம் வந்தால் இவர் கட்டிவிடுவார், அவர் கட்ட மாட்டார் என்று ஆளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல மேனேஜர். இந்தக் கையை வைத்துக்கொண்டு சிலர் கெட்ட கடனை நல்ல கடன் என்று மூடி மறைத்ததும் நடந்தது. அதனால் ரிசர்வ் வங்கி 2020 செப்டம்பரில், இந்த வகைப்படுத்தலை முழுக்கக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும், 2021 ஜூன் 30க்குள் முடியுங்கள் என்றது. அது டே-எண்டிலேயே நடக்க வேண்டும் என்று 2021 நவம்பரில் இன்னும் தெளிவாகச் சொன்னது. நியாயமான விதி. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் சண்டை அதற்கு அப்புறம் நடப்பதோடு. ராத்திரி மெஷின் முடிவெடுக்கிறது. காலை ஏழு மணிக்கு வாட்ஸப் குழுவில் பட்டியல் வருகிறது, சிவப்புக் கட்டம் போட்டு. பல் விளக்குவதற்கு முன்னால் உங்கள் கிளை பெயர் அதில் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். எட்டு மணிக்கு போன். "ஏன் ஆச்சு?" முடிவெடுத்தது மெஷின். மாற்றும் அதிகாரம் மேனேஜருக்கு இல்லை. திட்டு வாங்கும் அதிகாரம் மட்டும் முழுசாக அவருக்கே. ராத்திரி எட்டரைக்கு இன்னொரு போன், இன்றைக்கு எத்தனை வசூல், எத்தனை இன்ஷூரன்ஸ், எத்தனை மியூச்சுவல் ஃபண்ட், எத்தனை கிரெடிட் கார்டு என்று. அதற்குள் திரையில் எண் மாறியிருக்கும். டார்கெட்டை முடித்தீர்களா, சபாஷ், அடுத்த காலாண்டுக்கு இன்னும் கூட்டி வைப்பார்கள்.

கூட்டல், பதிவு, டாலி என்று ஒரு முடிவு உள்ள வேலைகளையெல்லாம் மெஷின் எடுத்துக்கொண்டது. முடிவே இல்லாத வேலையை எங்களிடம் விட்டது. நாற்பது எண்ணை விரலால் கூட்டிய மனுஷன், ஐம்பது வயதுக்கு மேல், தன் கிளைக்கு ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவரிடம் "ஒரு பாலிசி போட்டுக்கோங்களேன்" என்று இந்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒருநாள் அண்ணாச்சி சொன்னார், "லே, நான் கணக்குப்பிள்ளையா வந்தேன், இப்ப கையேந்துதேன்."

உடம்பு இதைப் பொறுத்துக்கொள்ளாது என்பது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்கரான ராபர்ட் கராசெக் 1979லேயே எழுதினார். வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. வேலை நெருக்கவும் வேண்டும், அதன் மேல் நமக்குப் பிடியும் இருக்கக் கூடாது, இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து என்று. லண்டனில் 1985 முதல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசு அலுவலர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள், மைக்கேல் மார்மட் தலைமையில். எல்லாரும் நம்மைப் போல மேஜை உத்தியோகம்தான். மூட்டை தூக்கியவர் இல்லை. தன் வேலையின் மேல் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று வந்தது. நேரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். காலை ஏழு மணி வாட்ஸப்பையும் ராத்திரி எட்டரை போனையும் சேர்த்து உங்கள் வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். எனக்கு 64 வந்தது.

குடிக்கும் கணக்கு உண்டு. 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டி உழைப்பவர்கள் புதிதாக அபாயக் குடிக்குள் போகும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் அதிகம். பெரிய எண் இல்லைதான். மணி நேரம் மட்டுமே குற்றவாளி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் "பெர்சனல்" என்றால் அந்த எண் பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்?

சரி, இப்போது என் கதை. தங்கமணிக்குத் தெரியும், அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நாக்பூர் வந்த முதல் இரண்டு வருஷம் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர். ஒரு சொட்டு கூடாது, குறையாது. கலாட்டா இல்லை, கத்தல் இல்லை. பத்து மணிக்கு கடைசி மெசேஜுக்கு 'நோட்டட் சார்' போட்டுவிட்டு, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும். கிளாஸை வைக்கிற சத்தம்தான் எனக்கு லெட்ஜர் மூடுகிற சத்தம். அண்ணாச்சியும் தன் வீட்டில் அதே நேரத்துக்கு உட்கார்ந்திருப்பார். போனில் பேசிக்கொண்டே குடிப்போம். இரண்டு பேரும் எங்கள் டே-எண்டை நாங்களே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"குவார்ட்டர்தானே, கம்மிதானே" என்று நானும் நினைத்தேன். ஒருநாள் கணக்குப் போட்டேன். 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்தச் சாராயம் 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராம் என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் அதீதக் குடிக்கு எல்லையாக வைத்திருக்கிறது. பி.காம் படித்தவன், தினமும் எல்லைக்கோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அளவாகக் குடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தூக்கத்துக்காகத்தான் குடித்தேன் என்பது அடுத்த பொய். குடித்தால் சீக்கிரம் கண் சொருகும், வாஸ்தவம். போதை இறங்க இறங்கப் பின்னிரவுத் தூக்கம் உடைந்துவிடும். மூணு மணிக்கு டாணென்று முழிப்பு, நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி. கையில் போன். விடியும் வரை யோசனை, ஏழு மணிக்குப் பட்டியல். அன்றைக்குச் சாயங்காலம் இன்னும் களைப்பு, மறுபடி குவார்ட்டர். பிபி மாத்திரை வந்தது, சர்க்கரை எல்லைக்கு வந்தது, ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது. டாக்டர் ஒரு வார்த்தை கேட்டார், "குடிப்பீர்களா?" "அக்கேஷனலாக" என்றேன். தினமும் ஓர் அக்கேஷன் :-(

ஒருநாள் பெண் ஸ்கூலில் 'என் அப்பா' கட்டுரை எழுதினாள். "அப்பா ராத்திரி பால்கனியில் ஆபீஸ் வேலை செய்வார்" என்று. தங்கமணி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, மாத்திரையோடு நிறுத்தினேன். எனக்குக் கட்டுரை எழுத ஒரு பெண் கூடவே இருந்தாள். அண்ணாச்சிக்கு யார் இருந்தார்கள்? நான் நிறுத்திய பிறகு ராத்திரி போனில் பேசுவதையும் குறைத்துக்கொண்டேன், ஆசை வந்துவிடும் என்று. அது என் கணக்கில் இருக்கிறது. எதனால் வகுத்தாலும் டாலி ஆக மாட்டேன் என்கிறது.

"எல்லாரும் அதே வேலைதானே செய்கிறார்கள், எல்லாருமா குடிக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். சுரங்கத்தில் இறங்குகிற எல்லாருக்குமா நெஞ்சில் கரி படிந்து நோய் வருகிறது? வராதவரைக் காட்டித் தூசியே இல்லை என்று சொல்வீர்களா? குடிக்காத சகாக்களும் சும்மா இல்லை. ஒருவருக்கு ஸ்டென்ட், ஒருவருக்குத் தூக்க மாத்திரை, ஒரு பெண் அதிகாரிக்குத் தலைவலி மாத்திரை டப்பா டப்பாவாக. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், மது தொடர்பாக உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடி என்று வந்தது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. 5.7 கோடி பேருக்கு ஒரே மாதிரி இருப்பது எப்படி 'பெர்சனல்' ஆகும்?

கடையை மூடு என்பவர்களுக்கும் ஒன்று. நான் சூரத்தில் மூன்று வருஷம் இருந்தவன். குஜராத் முழு மதுவிலக்கு மாநிலம். சனிக்கிழமை சாயங்காலம் டாமன் பக்கம் போகும் கார்களில் எங்கள் ஆட்களும் உண்டு. இங்கே பக்கத்து வர்தாவும் காந்தியின் சேவாகிராம் இருப்பதால் மதுவிலக்கு மாவட்டம்தான். தாகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் குழாயை மட்டும் மூடினால் ஆள் அடுத்த ஊர்க் குழாய்க்குப் போவான்.

நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். போன வருஷம் 'மன அழுத்த மேலாண்மை' என்று ஒரு வெபினார் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு! கட்டாய வருகை. ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னார் ஓர் அம்மா. பாதி மூச்சில் வட்டார குழுவில் மெசேஜ், "லாகின் செய்யாத கிளைகள் பட்டியல்". அண்ணாச்சி கிளை அதில் மூன்றாவது.

என்ன வேண்டும் என்று கேட்டால் நான் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மனுஷனுக்கு டே-எண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை கிளைக்கு மெசேஜ் அனுப்பக் கூடாது. பிரான்ஸில் 2017இலிருந்து இதற்குச் சட்டம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024இலிருந்து. நம் நாடாளுமன்றத்தில் 2018 கடைசியில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். எங்கள் சங்கங்கள் எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை கேட்கின்றன. 2024 மார்ச் ஒப்பந்தத்தின்போது வங்கிகள் தரப்பும் ஒத்துக்கொண்டு அரசின் அனுமதிக்கு விட்டது. நல்லது. ஆனால் போன் திறந்திருக்கிற சனிக்கிழமை என்ன சனிக்கிழமை? 1983இல் மெஷினை எண்ணிய அதே தப்பை இப்போது கிழமையை எண்ணிச் செய்கிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஐம்பது தாண்டியவரைக் குடும்பத்தை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போடாதீர்கள். குடி சிகிச்சைக்கு லீவு கேட்பவரின் ஃபைலில் குறிப்பு எழுதாதீர்கள். அண்ணாச்சி போன வருஷம் அந்தக் குறிப்புக்குப் பயந்துதான் ஆஸ்பத்திரியில் சேரவில்லை. என்னிடமே சொன்னார்.

போன வாரம் அண்ணி ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். பி.எஃப். விஷயம் பேசிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "தம்பி, அவங்க போன்ல காலைல ஏழு மணிக்கு இன்னும் ஏதோ லிஸ்ட் வந்துகிட்டே இருக்கு. பதில் போடாட்டி ஏதும் ஆயிருமா?" என்றார்கள். குழுவிலிருந்து எப்படி வெளியே வருவது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். மேலே மூன்று புள்ளி இருக்கும் அண்ணி, அதைத் தொடுங்கள்...

பி.கு.: வெளியூரில் இருக்கும் வீட்டம்மாக்களுக்கு. தினமும் குடிக்கிறவரைச் சண்டை போட்டு ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பெங்களூரு பக்கம் இருப்பவர்களுக்கு நிம்ஹான்ஸ், சென்னை என்றால் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கின்றன. எந்த ஊரிலிருந்தும் 14416க்கு அடிக்கலாம், மத்திய அரசின் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். கணவர் ஒற்றை ஊரில், நீங்கள் ஒற்றை ஊரில் என்றால் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ காலில் கூப்பிடுங்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பதோடு நிற்காதீர்கள், தட்டைக் காட்டச் சொல்லுங்கள்.